யாரும் சாகாத லயத்தில் அடித்த பறை

மைக்கை எங்கே வைப்பது, காற்றை எப்படி மறைப்பது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்ல நான் உட்காரவில்லை. அதை உங்கள் கைபேசியே என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறது. முப்பத்தைந்து வருடம் ஒலிப்பதிவு செய்துவிட்டு, இப்போது இடது காது சரியாகக் கேட்காமல் வீட்டில் இருக்கிறேன். ஒலிப்பதிவாளனுக்கே காது கேட்கவில்லையா என்று சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன். நான் சொல்லப்போவது என் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய பிழையைப் பற்றி. அது நான் வேலை செய்த கடைசிப் படத்தில் நடந்தது. அனுபவம் ஏற ஏறப் பிழை குறைந்துவிடும் என்ற நம்பிக்கையோடு யாராவது வந்திருந்தால், அதை இன்றே கழற்றி வைத்துவிடுங்கள்.

படம் ஒரு குடும்பத்தின் துக்கத்தைப் பற்றியது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர், தம் மகளை ஒரு விபத்தில் இழக்கிறார். அதே விபத்தில் அவருக்கும் முதுகில் அடி. வலிக்குக் கொடுத்த மாத்திரையை வலி போன பிறகும் விட முடியவில்லை. பிறகு அது போதாமல், கடைகளில் மறைத்து விற்கும் போதைக் கேப்சூல். வீடு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, கடைசியில் அவரும் இறந்துபோகிறார். இயக்குநர் கொழும்புப் பையன், முப்பது வயதுக்குள். இந்தக் கதையை அவர் எங்கிருந்தும் எடுக்கவில்லை. அவருடைய சொந்தத் தம்பி அப்படித்தான் போனான். அதனால் அந்தப் படத்தில் வேலை செய்த எவருக்கும் அவரிடம் எதையும் மறுத்துப் பேசக் கொஞ்சம் கூச்சம் இருந்தது.

ராகலையில் தங்கிக்கொண்டு, உடப்புசல்லாவைப் பாதையில் உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் படம் பிடித்தோம். முதல் பத்து நாளும் அந்தத் தோட்டத்துத் தொழிற்சாலையிலும் டவுனிலும்தான் வேலை. பதினோராம் நாள் சாவு வீட்டுக் காட்சி. அதற்கு மலையடிவாரத்து லயம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தோம். நீளமாக ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு வீடுகள், எதிரே அதேபோல் இன்னொரு வரிசை, நடுவில் நல்ல முற்றம். லயத்துக்கு மேலேயே கொழுந்து பறிக்கும் மலை.

இனிமேல் வருவது என் பிழை. சாவு வீட்டில் பறை அடிக்க வேண்டும். எங்கள் தோட்டங்களில் அதைத் தப்பு என்போம். இயக்குநர், அதைப் பிறகு கொழும்பில் ஸ்டூடியோவில் பதிந்து சேர்த்துக்கொள்ளலாம் என்றார். நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். பூட்டிய அறைக்குள் அடித்தால் பறை தகர டப்பா மாதிரித்தான் கேட்கும், மலையில் பட்டுத் திரும்பி வருகிற சத்தம் எனக்கு வேண்டும் என்றேன். அதுவும் அந்தத் தோட்டத்துக்காரர்களே அடிக்க வேண்டும் என்றேன்.

நான் பிறந்ததும் லயத்தில்தான், அட்டன் பக்கம். சாவுக்கு அடிக்கிற அடி வேறு, திருவிழாவுக்கு அடிக்கிற அடி வேறு என்பது எனக்குத் தெரியும். சாவு அடி கேட்டால் மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் கையை நிறுத்திவிட்டு, எந்த லயத்துப் பக்கம் என்று காது கொடுப்பார்கள். எங்கள் அம்மா அப்படி நின்றதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! ஆகவே முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று புரிந்துதான் இருந்தது. சொல்கிற பொறுப்பையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தோட்டத்தின் கண்டாக்கு, அதாவது வெளிவேலைகளைப் பார்க்கும் மேலதிகாரி, எனக்கு ஒரு நல்ல வழி சொன்னார்.

“ஐயா, காலையில பெரட்டுக்கு வந்திருங்க. வேல பிரிக்கிறப்ப எல்லாரும் ஒரே எடத்துல நிப்பாங்க. அங்கன நின்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிச்சு.”

சரி என்று தலையாட்டினேன். அதோடு நிற்காமல், முதல் நாள் மாலையே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இருபத்து நான்கு வீடுகள். இருபத்து மூன்று வீடுகளில் சொல்லியாகிவிட்டது. கடைசி வீட்டுக் கதவு மூடியிருந்தது. இரண்டு முறை தட்டினேன். உள்ளே யாரோ இருமினார்கள், கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

“அவங்க இன்னும் வரலைங்க சார். வந்தா நாங்க சொல்லிர்றோம்.”

உள்ளே இருமியது யார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் ராகலையில் குளிர் எலும்பைக் குத்தியது. அதுதான் வீடு வீடாகச் சொல்லியாகிவிட்டதே, பெரட்டுக்கு வேறு எதற்கு என்று நினைத்து, இன்னொரு பிளேன்டீ குடித்துவிட்டு மெதுவாகக் கிளம்பினேன். இந்த இடத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கெடுத்தது அந்தப் பிளேன்டீதான்.

பத்து மணிக்கு டேக் ஆரம்பித்தது. பாடையில் தகப்பனாக நடிப்பவர் வெள்ளைத் துணி மூடிப் படுத்திருந்தார். நான்கு பேர் பறை அடித்தார்கள். அடேயப்பா, அந்தச் சத்தம்! நான் கேட்டபடியே மலையில் மோதித் திரும்பி வந்தது. ஹெட்ஃபோனுக்குள் நான் சொர்க்கத்தில் இருந்தேன். அப்போது அடிக்கும் அடிக்கும் இடையில், மேலேயிருந்து ஒரு பெண் குரல் விழுந்தது. ஒரு பெயரைச் சொல்லிக் கத்துகிற குரல்.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எவளோ டேக்கைக் கெடுக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த நொடி அந்தக் குரல் மறுபடி வந்தபோது, அது நடிப்பு இல்லை, கூப்பாடும் இல்லை, பெற்ற வயிற்றிலிருந்து வருகிற சத்தம் என்று புரிந்துவிட்டது. ஒலிப்பதிவாளன் கையை உயர்த்தினால் டேக் நிற்கும். நான் கையை உயர்த்தவில்லை. சத்தம் அவ்வளவு நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பத்து செக்கன். அன்று இரவே போட்டுக் கேட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாகப் பத்து செக்கன் சும்மா இருந்திருக்கிறேன். இதை இன்றைக்குச் சொல்லும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கையை உயர்த்தியபோது அவர் முற்றத்துக்குள் வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். கொழுந்துப் பையை எங்கேயோ எறிந்துவிட்டிருந்தார். தேயிலைச் செடி கீறிக் கால் இரண்டிலும் ரத்தம். எங்களையோ கேமராவையோ அவர் கண் பார்க்கவே இல்லை. நேரே பாடைக்குப் போய்த் துணியை இழுத்தார். உள்ளே யாரோ தெரியாத மனிதர், முகத்தில் பவுடரோடு, பயந்துபோய்க் கண்ணைத் திறந்தார். அந்த அம்மா ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு கடைசி வீட்டுக்கு ஓடிக் கதவில் இரண்டு கையாலும் அடித்தார். அதே கதவு.

கதவு திறந்தது. ஒரு இளைஞன், இருபத்து நான்கு வயதுக்குள், போர்வையைச் சுற்றிக்கொண்டு, நடுங்கியபடி நின்றான். தாய் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பிறகு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பறை அடித்தவர்களில் மூத்தவர் கையிலிருந்த குச்சிகளைக் கீழே போட்டார். “என்ன காரியம் பண்ணிட்டோம் சாமி” என்று சொன்னது அவர் மட்டும்தான்.

பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டேன், நேற்று நீங்கள் சொல்லவில்லையா என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நாங்க அந்த வீட்டோட பேச்சு வார்த்த இல்லைங்க சார். அந்தப் பய மாத்திர பழக்கத்துல எங்க வீட்டு கேஸ் சிலிண்டர தூக்கிட்டு போய் வித்துட்டான். எட்டு மாசமாச்சு. சொல்லணும்னுதான் நெனச்சேன். மாரியாயி மொகத்த பாத்ததும் வாய் வரலைங்க.”

ஓடி வந்த அம்மாவின் பெயர்தான் மாரியாயி. மீதியைக் கண்டாக்கு சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் மாரியாயியின் மூத்த மகன் ஓட்டிய முச்சக்கர வண்டி பள்ளத்தில் விழுந்தது. மூத்தவன் அங்கேயே போய்விட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த இளையவன் தினேசுக்குக் கால் முறிந்தது. வலிக்கு மாத்திரை, பிறகு கேப்சூல். நாங்கள் பவுடரும் பாடையும் வைத்து எடுத்துக்கொண்டிருந்த கதை கடைசி வீட்டில் நடந்துகொண்டிருந்தது. பத்து நாளாக அந்தத் தோட்டத்தில் சுற்றிய எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. எவரும் கேட்கவில்லை, பிறகு எப்படித் தெரியும்?

அன்று வேலை நின்றது. பின்னேரம் ராகலையில் நாங்கள் தங்கியிருந்த இடத்தில் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். மலைச்சரிவில் வைத்திருந்த இரண்டாவது கேமரா, மாரியாயி ஓடி வந்ததை முழுவதும் பிடித்திருந்தது. படம் அவரிடம் இருந்தது. சத்தம் என்னிடம், ஒலிப்பதிவு மெஷினின் மெமரி கார்டில் இருந்தது.

“அண்ணே, இத பாருங்க. எந்த நடிகையாலயும் இப்பிடி ஓட முடியாது. அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிடலாம். கார்ட குடுங்க, சேத்து பாப்போம்.”

“குடுக்க மாட்டேன் தம்பி.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்னேரம் ஆனால் ஒலிப்பதிவாளன் கார்டை ஒப்படைக்க வேண்டும், அது எங்கள் தொழிலின் சட்டம். முப்பத்தைந்து வருடத்தில் நான் அதை மீறியது அன்று ஒரு நாள்தான்.

“நா எதுக்கு இந்தப் படம் எடுக்கிறேன்னு ஒங்களுக்கு தெரியும்ல? என் தம்பி செத்தப்ப எங்கம்மா இப்பிடித்தான் ஓடுனாங்க. இத பாத்து ஒரு வீடாவது முழிச்சுக்கிட்டா போதும்.”

அவர் கண் கலங்கியிருந்தது. பொய் பேசுகிற ஆள் இல்லை அவர், அதனால்தான் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

“ஒங்கம்மா ஓடுனத யாராவது படம் புடிச்சிருந்தா விட்டிருப்பீங்களா?” என்றேன்.

அவர் கேமராத் திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இதுல கெடக்கிறது அந்த அம்மாவோட சத்தம். பொய்யா பறை அடிச்சு நாமதான் அத புடுங்கி எடுத்திருக்கோம். நாளைக்கி நானே போய் கேக்கிறேன். வச்சுக்கங்கன்னு அவங்களா சொன்னா கொண்டாந்து தர்றேன். வேணாம்னா அவங்க முன்னாலயே அழிக்கிறேன். அப்பறம் நீங்க என்ன வீட்டுக்கு அனுப்பினாலும் சரி.”

கார்டைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டேன். கோபத்தில் செய்ததல்ல. அன்று காலையில் ஒரு குவளை தேநீருக்காக விட்ட வேலையை இனியாவது முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம். இளைஞர்களே, உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு நிலை வரும். உங்கள் கையில் இருப்பது நல்ல பதிவாக இருக்கும், கேட்கிறவர் நல்ல மனிதராக இருப்பார், காரணமும் நியாயமாக இருக்கும். அப்போதும் யாருடைய சத்தம் அது என்று முதலில் கேளுங்கள்.

மறுநாள் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தக் கதவைத் தட்டினேன். மாரியாயியே திறந்தார். உள்ளே, விளக்கு வைத்த மூத்த மகனின் படம். அதற்குக் கீழே கட்டிலில் தினேசு. நெற்றியெல்லாம் வியர்வை, பல் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று நாளுக்கு முன் மாரியாயி அவனுடைய கேப்சூல் எல்லாவற்றையும் கக்கூஸில் கொட்டிவிட்டாராம். அன்றிலிருந்து அவன் அப்படித்தான் கிடந்தான்.

நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பெரட்டுக்குப் போகாததைச் சொன்னேன். அந்தப் பத்து செக்கனையும் மறைக்கவில்லை.

“அந்த மலையிலேர்ந்து எறங்க எவ்வளவு நேரமாச்சுன்னு எனக்கே தெரியாதுங்க ஐயா,” என்றார் மாரியாயி. “நீங்க பத்து செக்கன எண்ணி வச்சிருக்கீங்க.”

பிறகு அவரே தொடர்ந்தார்.

“நேத்து காலையில இவன், செத்துருவேன் போல இருக்கும்மான்னான். ரெண்டு நாளா தூக்கமில்ல, எனக்கும் வெறுத்து போச்சு. செத்து தொலைடான்னு சொல்லிட்டு வேலைக்கு போனேன். சொன்ன வாய் மூடல, நம்ம லயத்துல சாவு அடி கேக்குது. எனக்கு எப்பிடி இருந்திருக்கும் சொல்லுங்க?”

கார்டை எடுத்துக் காட்டினேன். வைத்துக்கொள்ளட்டுமா, அழிக்கட்டுமா என்று கேட்டேன். அதை நான் கேட்கலாமா என்றார் அவர். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். கேட்கும்போது அவர் முகம் மாறவே இல்லை. முடிந்ததும் கழற்றினார்.

“நானா இப்பிடி கத்துனேன்? ஞாபகமே இல்லைங்க.” பிறகு ஹெட்ஃபோனை மகன் பக்கம் நீட்டினார். “இவன் கேக்கட்டும்.”

வேண்டாம் அம்மா, பிள்ளை இருக்கிற நிலையில் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மாரியாயி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். தினேசு வாங்கி மாட்டினான். பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டான். கழற்றியதும் தாயைப் பார்த்துச் சொன்னான்.

“நானும் முழிச்சுக்கிட்டுத்தாம்மா கெடந்தேன். தப்பு சத்தம் கேட்டிச்சு. எனக்குத்தான் அடிக்கிறாங்கன்னு நெனச்சேன். எழும்பி போய் பாக்க பயமா இருந்திச்சு.”

நான் அழுதுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாரியாயி அழவில்லை. முந்தானையால் மகன் முகத்தைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“அழிச்சிருங்க ஐயா. இது எங்க வீட்டு சத்தம். இவன் கேட்டாச்சு, அது போதும்.”

அவர் முன்னாலேயே அழித்தேன். மெஷின் உறுதியாகவா என்று கேட்டபோது அந்தப் பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னேன்.

“ஒங்க வேன் நுவரெலியாவுக்கு போகுமா?” என்று அடுத்ததாகக் கேட்டார். “இவன வீட்டுக்குள்ளயே வச்சு நானே சரி பண்ணிரலாம்னு பாத்தேன். வெளிய தெரிஞ்சா அவமானம்னு. இனி எனக்கு அந்த அவமானம் வேணாம். ஆஸ்பத்திரிக்கு போறோம்.”

வேன் போனது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவர் எங்கள் இயக்குநர். கார்டில் இருந்ததை அழித்துவிட்டோம் என்று நான் சொன்னதும் அவர் ஒரு நிமிடம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாவது கேமரா எடுத்ததையும் அழிக்கச் சொன்னார். ஆஸ்பத்திரி டாக்டர், மூன்று நாள் ஒரேயடியாக நிறுத்தி வைத்ததற்கு மாரியாயியைத் திட்டவில்லை. இனி வீட்டில் தனியாக இந்த வேலையில் இறங்க வேண்டாம், இதற்கு மருந்தும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது என்றார். தினேசை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

படத்துக்குச் சாவு வீட்டுக் காட்சி இன்னும் பாக்கி. இனிப் பறையே வேண்டாம், ஸ்டூடியோவில் பார்த்துக்கொள்வோம் என்று இம்முறை நான் சொன்னேன். மாரியாயி விடவில்லை. ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பியிருந்தார், பின்னேரங்களில் மகனைப் பார்க்க பஸ்ஸில் போய் வருவார். “எங்க வீட்டால ஒங்க வேல ஏன் கெடணும்? அடிங்க. நான் சொல்லிர்றேன்” என்றார்.

சொன்னபடி செய்தார். விடிந்ததும் விடியாததுமாக நானும் பெரட்டுக்குப் போய் நின்றேன். மூடுபனியில் அறுபது எழுபது பேர், பாதிப்பேர் அவர் முகத்தைப் பார்த்துப் பேசி மாதக்கணக்காகிறது. கண்டாக்கு என்னைப் பேசச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் மாரியாயி முன்னால் வந்துவிட்டார்.

“இன்னைக்கி பத்து மணிக்கு எங்க லயத்துல தப்பு அடிப்பாங்க. படத்துக்கு. யாரும் சாகல. எம்மகன் கேப்சூல் பழக்கத்துக்கு நுவரெலியா ஆஸ்பத்திரியில மருந்து எடுக்கிறான். உசுரோட இருக்கான். யாரும் எறங்கி ஓடியாராதீங்க.”

அவ்வளவுதான். பையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு நடந்தார். பிறகு பக்கத்து வீட்டு அம்மா வேகமாக நடந்து அவரோடு சேர்ந்துகொண்டதைப் பார்த்தேன்.

தினேசு அதற்குப் பிறகு முழுவதும் தேறிவிட்டானா என்று கேட்பீர்கள். ஒருமுறை திரும்ப விழுந்தான், திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனான். இப்போது கினிகத்தேனையில் ஒரு மரக்கடையில் வேலை செய்கிறான். நாளைக்கு என்ன ஆகும் என்று அவன் தாய்க்கே தெரியாது.

அன்று பத்து மணிக்குப் பறை அடித்தார்கள். இந்த முறை ஒரு மைக்கை மலைப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன், யாராவது ஓடி வந்தால் முதல் சத்தத்திலேயே கையை உயர்த்துவதற்காக. யாரும் ஓடி வரவில்லை. அடிக்கும் அடிக்கும் இடையில், மேலே கொழுந்து பறிக்கிறவர்கள் பேசிக்கொள்கிற சத்தம்தான் லேசாக விழுந்தது. இரண்டு பெண்கள் எதையோ பற்றி வாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு குரல் மாரியாயியுடையது.

அன்று மாலை அதையும் கொண்டுபோய் அவருக்குப் போட்டுக் காட்டினேன். ஹெட்ஃபோனைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கடைசிவரை கேட்டார்.

“இது இருக்கட்டும் ஐயா,” என்றார்.

படத்தில் இருக்கிறது.